மேடம் உறுதிமொழிக் குழுவில் இருந்த வருடம்

மேடத்துக்கு எந்தக் குழு கிடைத்தது என்ற செய்தி வந்த காலையில், பீங்கான் கம்பெனிக்காரர்கள் சிலர் சால்வைகளோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் என்று நான் சொல்வது ஒரு சட்டமன்ற உறுப்பினரை. முதல் முறையாக ஜெயித்தவர். தொகுதியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சென்னைக்கு ரயில் பிடிக்க வசதி என்று அலுவலகத்தை விருத்தாசலத்தில், ஜங்ஷனுக்குப் போகும் சாலையில் ஒரு மாடியில் வைத்திருந்தார். நான் அங்கே தட்டச்சு செய்தேன், போன் எடுத்தேன், வருகிறவர்களை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அதற்கு முன் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக்கொண்டிருந்தேன். மேடம் ஒன்றியக் கவுன்சிலராக இருந்த நாட்களில் அங்கேதான் வருவார். “நான் ஜெயிச்சா நீ எங்கூட வந்துடும்மா” என்று ஒரு முறை சொன்னார். தேர்தல் சமயத்தில் எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டேன். ஜெயித்த பிறகு ஆள் அனுப்பினார். வளைகுடாவில் இருக்கும் என் கணவரிடம் போனில் கேட்டேன். “போ. ஆனா அரசியலு வூட்டுக்குள்ள வராம பாத்துக்க” என்றார்.

சட்டமன்றம் என்றால் மைக், மேசையைத் தட்டுவது, வெளிநடப்பு என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். உறுப்பினர்களைப் பிரித்துக் குழுக்களில் போடுவார்கள் என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கம்பெனிக்காரர்களுக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. மேடத்துக்குப் பொது நிறுவனங்கள் குழு கிடைக்கும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். அந்தக் குழு அரசு நடத்துகிற கழகங்களை, வாரியங்களை எல்லாம் கேள்வி கேட்கும். ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்து விற்கிறவர்களுக்கு மின்சார வாரியம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் மூத்தவர், வெள்ளை வேட்டி முனையில் எப்போதும் களிமண் தூள் ஒட்டியிருக்கும் ஒரு பெரியவர், எல்லா சால்வைகளையும் தன் மடியில் அடுக்கி வைத்திருந்தார்.

மேடம் சென்னையிலிருந்து போன் செய்தார்.

“உறுதிமொழிக் குழும்மா. அப்புறம் நூலகக் குழு.”

“பொது நிறுவனங்கள் இல்லீங்களா மேடம்?”

“இல்ல. வந்தவங்களுக்கு டீ குடுத்து அனுப்பு.”

நான் அதை அவர்களிடம் சொல்லிவிட்டு டீக்கு ஆள் அனுப்பினேன். பிறகு ஒருவர், “உறுதிமொழின்னா, பதவி ஏத்துக்கறப்ப எடுப்பாங்களே, அதுவா?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இன்னொருவர், “நூலகத்துல சத்தம் போடக்கூடாது. நம்ம மேடத்துக்கு அது கஷ்டம்” என்றார். சிரித்தார்கள். பெரியவர் சால்வைகளை மஞ்சள் பைக்குள் திரும்ப வைத்தார். டீ குடித்துவிட்டு எழுந்து, “தப்பா எடுத்துக்காதம்மா. பொறவு ஒரு நாளு வந்து போடறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேடம் ஊர் வந்ததும் அவரே எனக்கு விளக்கினார். ரயிலில் வரும்போது தன் கூட வந்த அனுபவமுள்ள ஒரு உறுப்பினரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். பேரவையில் ஒரு உறுப்பினர் கேள்வி கேட்கிறார். அமைச்சர் எழுந்து ‘செய்து தரப்படும்’ என்கிறார். மேசை தட்டுகிறார்கள். மறுநாள் வேறு கேள்வி. அந்த ‘செய்து தரப்படும்’ என்ன ஆனது என்று வருடக்கணக்காகத் துரத்திக்கொண்டு போவதுதான் உறுதிமொழிக் குழுவின் வேலை. துறையை அழைத்துக் கேட்கலாம். நேரில் போய்ப் பார்க்கலாம். செய்துவிட்டார்கள் என்று தெரிந்தால் ‘நிறைவேறியது’ என்று முடித்துவிடலாம். இல்லையென்றால் ‘நிலுவை’. அவையில் சொல்லாத எதையும் அந்தக் குழு தொட முடியாது. மேடையில் சொன்னது, பத்திரிகையில் சொன்னது, கல்யாண வீட்டில் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

“அப்ப நம்ம ஊருக்குன்னு புதுசா எதுவும் கேக்க முடியாதா மேடம்?”

“அதுல முடியாது. யாரோ எப்பவோ குடுத்த வாக்கத்தான் கேக்கலாம்.”

அவருடைய முகத்தில் ஏமாற்றம் இருந்ததா என்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மேடம் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இரண்டு முறை ஒன்றியத்தில் தோற்று, மூன்றாம் முறை ஜெயித்து மேலே வந்தவர். ஏமாற்றத்தைப் பிறர் பார்க்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது.

அதன் பிறகு வந்த மனுக்களைப் பிரிப்பது எனக்கு ஒரு பாடமாக இருந்தது. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை கேட்டு வருவார்கள். அது டெல்லி சமாச்சாரம், எங்கள் குழு எதற்குமே அங்கே வேலை இல்லை. ரயில்வே கேட் பற்றி வருவார்கள். அதுவும் டெல்லி. தணிக்கை அறிக்கையில் எங்கள் ஊர் வந்திருக்கிறது என்று ஒருவர் வந்தார். அது பொதுக் கணக்குக் குழு. துறைக்கு ஒதுக்கிய பணம் சரியாகப் போகிறதா என்று கேட்டவருக்கு மதிப்பீட்டுக் குழு. ‘எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை, எல்லா இடத்துக்கும் போய்விட்டேன்’ என்பவர்களுக்கு மனுக்கள் குழு. மனுக்கள் குழுவில் இருக்கும் உறுப்பினர்கள் மேல் எனக்கு ஒரு பொறாமை இருந்தது. அவர்கள் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமான்களின் ஓரத்துப் பிசிறை ஸ்பாஞ்சால் துடைத்து எடுப்பது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போகும் வழியில் மாடியேறி வருவார். கையைக் கழுவியிருந்தாலும் நகக்கண்ணில் வெள்ளை இருக்கும். என்னைப் பாயம்மா என்று கூப்பிடுவார்.

சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு உருவான குடியிருப்பு அவருடையது. வீடு, கரண்ட், தண்ணீர் எல்லாம் இருந்தன. சுடுகாடு மட்டும் ஒரு ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே போக வழி வேண்டும் என்று பழைய உறுப்பினர் ஒருவர் எப்போதோ பேரவையில் கேட்டார், அமைச்சர் பாதை அமைத்துத் தருவோம் என்றார். குடியிருப்பில் அதைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. பாதையும் போட்டார்கள். ஓடையின் இந்தக் கரைவரை ஒரு பாதை, அந்தக் கரையிலிருந்து சுடுகாடுவரை ஒரு பாதை.

“நடுவுல?” என்று கேட்டேன்.

“நடுவுல ஓடை.”

முதல் தடவை வந்தபோது அவ்வளவுதான் சொன்னார். இன்னொரு நாள் மழை பெய்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருடைய வீட்டுக்காரர் இறந்ததைச் சொன்னார். மழைக்காலத்தில் இறந்திருக்கிறார். ஓடையில் தண்ணீர் குறையட்டும் என்று பொழுதெல்லாம் காத்திருந்தார்கள். குறையவில்லை. இதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்ன பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனைக்கு மேல் போவதில்லை என்பதால் அவர் எதையும் பார்க்கவில்லை.

“எம்புள்ள திரும்பி வந்தான். கழுத்து வரைக்கும் ஈரம். ‘என்னாடா ஆச்சு’ன்னு கேட்டேன். ‘ஒண்ணும் ஆவலம்மா, போய்ச் சேந்தாரு’ன்னான். அதுக்கு மேல அவன் சொல்லல. நானும் கேக்கல. பொறவு ஆளாளுக்கு வந்து சொன்னாங்க, தலைக்கு மேல தூக்கிட்டுப் போனாங்களாம், மாலையெல்லாம் தண்ணியோட போயிடுச்சாம்.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு அவர் அதைச் சொன்னதே இல்லை. “என்னா ஆச்சு பாயம்மா நம்ம ஓடை?” என்று மட்டும் கேட்பார்.

மேடத்திடம் சொன்னேன். அவர் குழுவின் அலுவலகத்தில் கேட்டார். அந்த வாக்கு இன்னும் நிலுவையில்தான் இருந்தது. துறை கடைசி அறிக்கையை அனுப்பாமலே விட்டிருந்தது. மேடம் கேட்டதும் அனுப்பிவிட்டார்கள். பாதை அமைக்கப்பட்டது, ஆகவே முடித்துவிடலாம் என்று. நேரில் பார்த்து முடிவு செய்யலாம் என்று குழு சொன்னது. எங்கள் மாவட்டத்துக்கு வரும்போது அந்த இடத்தையும் சேர்த்தார்கள்.

அதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்டவரைப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. கேட்டவர், மேடம் தோற்கடித்த பழைய உறுப்பினர். வேறு கட்சி. தேர்தலில் இரண்டு பக்கமும் பேசிய பேச்சு யாருக்கும் மறந்திருக்கவில்லை.

கட்சிக்காரர்களிடம் சொல்லாமல் ஒரு மத்தியானம் ஆட்டோவில் போனோம். பழமலைநாதர் கோயில் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய வீடு. அவரே கதவைத் திறந்தார். பனியனோடு இருந்தவர் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

“வாங்க. தோத்தவன் வூட்டுக்குப் போவாதீங்கன்னு உங்க ஆளுங்க சொல்லலியா?”

“சொல்லிட்டு வரலீங்க” என்றார் மேடம்.

அவர் சிரித்தார். அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்துகொண்டார். மேடம் ஓடையைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்பு போய்விட்டது.

“அந்தப் பாதை நான் வாங்கிக் குடுத்தது. ரெண்டு கூட்டத்தொடர் கேள்வி எழுதிக் குடுத்தேன். மொத தடவை கேள்வி வரவே இல்ல. ரெண்டாவது தடவைதான் வந்துது. நான் இருந்த காலத்துல அந்தப் பக்கம் நடந்த காரியம் அது ஒண்ணுதான். நீங்க இப்ப நிறைவேறலன்னு எழுதிட்டா, நான் பொய் சொன்னவன்னு ஆயிடும்.”

“நீங்க பொய் சொன்னீங்கன்னு யாரும் சொல்லலீங்க. மழை வந்தா தண்ணி ஏறுது.”

“ஓடைன்னா தண்ணி வரும்.”

அவருடைய மனைவி மேடத்திடம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். மேடம் சொன்னார். கிளம்பும்போது பழைய உறுப்பினர் வாசல்வரை வந்து, “குழு என்னிக்கு வருது?” என்று மட்டும் கேட்டார். ஆட்டோ ஜங்ஷன் பக்கம் திரும்பும்போது மேடம், “அவரு எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்” என்றார்.

குழு சித்திரை வெயிலில் வந்தது. தலைவர் தெற்கத்திப் பக்கத்து மூத்த உறுப்பினர், மெதுவாகப் பேசுகிறவர். எல்லாக் கட்சியிலிருந்தும் உறுப்பினர்கள் வந்தார்கள். பேரவையில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்பவர்கள் ஒரே வேனில் முறுக்கைப் பகிர்ந்துகொண்டு வந்ததைப் பார்க்க எனக்கு விநோதமாக இருந்தது. முந்தின நாள்தான் பாதையில் புதிதாகச் செம்மண் கொட்டி, இரண்டு ஓரமும் சுண்ணாம்புப் பொடி போட்டிருந்தார்கள். கரையில் பந்தல், நாற்காலி, இளநீர். ஓடை எலும்பாகக் காய்ந்து கிடந்தது. அதற்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

எல்லோரும் ஓடையில் இறங்கி ஏறிச் சுடுகாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். யாருக்கும் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. துறை அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு பக்கமும் முழுசா போட்டாச்சு சார்” என்றார்.

குடியிருப்புக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அந்த அம்மா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். தலைவர் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதும் அவர்தான் முன்னால் வந்தார்.

“ஐயா, இப்ப எல்லாரும் செருப்புக் காலோட போயிட்டு வந்துட்டீங்க. ஐப்பசில ஒருக்கா வந்து நடந்து பாருங்க.”

“தண்ணி எவ்ளோ வரும்மா?”

“ஆளு முங்கற அளவு.”

தலைவர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அமைச்சர் அன்று சொன்ன வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தார். சுடுகாட்டுக்குச் சென்று வரப் பாதை அமைத்துத் தரப்படும். அவ்வளவுதான் அதில் இருந்தது.

“பாதைன்னுதானம்மா சொல்லியிருக்காங்க. பாதை இருக்குது” என்றார். சொல்லும்போது அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தவர், வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்த ஒருவரைப் பார்த்துக் கையசைத்தார். பழைய உறுப்பினர். சலவைச் சட்டையோடு, யாரும் கூப்பிடாமல், பஸ் பிடித்து வந்திருந்தார். இருவரும் ஒரே காலத்தில் பேரவையில் இருந்தவர்கள்.

“வாங்க, வாங்க. இது நீங்க கேட்ட கேள்விதான?”

அவர் வந்தார். அவர் தன் பாதைக்காகச் சண்டை போடத்தான் வந்திருந்தார். அது அவர் நடையிலேயே தெரிந்தது. ஆனால் அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுக் கேட்டு அந்தக் குடியிருப்புக்கு அவர் பல முறை வந்திருக்கிறார், அம்மாவைத் தெரியாமல் இருக்காது.

“ஆமாங்க, நான் கேட்டதுதான். பாதை கேட்டேன். போட்டாங்க. அதுல குத்தம் சொல்ல எதுவும் இல்ல.” நிறுத்திவிட்டு ஓடைப் பக்கம் திரும்பினார். “ஓடையைப் பத்தி நான் கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களோ என்னவோ. கேக்கல.”

தலைவர் மேடத்தைப் பார்த்தார்.

“உங்க தொகுதி. நீங்க என்ன சொல்றீங்க?”

‘நிலுவை’ என்று சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். குடியிருப்பு முழுக்க அதற்காகத்தான் காத்து நின்றது. தலைவரும் அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார்.

“சொன்ன வாக்கு நிறைவேறிடுச்சுங்க. முடிச்சிடலாம்” என்றார் மேடம்.

அதிகாரியின் தோள்கள் இறங்கின. அந்த அம்மா மேடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். கூட்டமும் மெல்லக் கலைந்தது. பழைய உறுப்பினர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். குழு அடுத்த இடத்துக்குக் கிளம்பியது. அங்கே ஒரு கால்நடை மருந்தகம் நிலுவையில் இருந்தது.

நாங்கள் காரில் பின்னால் போனோம். மேடமே பேசினார்.

“நிலுவைன்னு வச்சா என்ன ஆவும்? அடுத்த வருசமும் பாதை போட்டாச்சுன்னு பதில் எழுதுவாங்க. நாம இல்லன்னு எழுதுவோம். ரெண்டு பேரும் எழுதிக்கிட்டே இருப்போம். பாலம்ங்கற வார்த்தை அதுல எங்கயும் இல்ல. இல்லாத வார்த்தைக்கு எவன் காசு ஒதுக்குவான்?”

“அத அங்கயே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம் மேடம்.”

“பாலம் வாங்கித் தரேன்னு சொல்லவா? நான் சொன்னா அது உறுதிமொழி இல்லம்மா.”

அந்த வாரமே அந்த அம்மா மாடியேறி வந்தார். உட்காரவில்லை. மேடம் உள்ளே இருந்தார், தானே வெளியே வந்தார்.

“உங்களுக்கு ஓட்டுப் போட்டோம்” என்றார் அம்மா.

“தெரியும்.”

“அவராவது வழி போட்டுக் குடுத்தாரு. நீங்க அதுவே போதும்னுட்டீங்க.”

“போதும்னு சொல்லல. அது முடிஞ்சுதுன்னு சொன்னேன். பாலம் வேணும்னு தனியா கேக்கப் போறேன்.”

“கேளுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குரலில் கோபம் இருந்ததாகக் கூடத் தெரியவில்லை. அதன் பிறகு அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. மாலையில் ஷிப்ட் முடிந்து பெண்கள் பஸ்ஸுக்குப் போவதை மாடியிலிருந்து பார்ப்பேன். சில நாட்களில் அவரும் அந்தக் கூட்டத்தில் போவார். மேலே பார்க்க மாட்டார்.

அந்த வருடம் நான் கவனித்தது ஒன்று உண்டு. மேடம் மற்ற ஊர்களுக்குக் குழுவோடு போய்விட்டு வரும்போதெல்லாம் அமைச்சர்கள் பயன்படுத்திய வார்த்தைகளைப் பற்றியே பேசுவார். ‘பரிசீலிக்கப்படும்’ என்றால் என்ன, ‘ஆவன செய்யப்படும்’ என்றால் என்ன, ‘நிதி நிலைமைக்கு ஏற்ப’ என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று. ஒரு ஊரில் பள்ளிக்கு ‘கூடுதல் வசதி’ என்று வாக்குக் கொடுத்து, ஒரு குடிநீர்த் தொட்டி கட்டி முடித்துவிட்டார்களாம். கேட்டவர் மனதில் வகுப்பறை இருந்தது. அந்த ஊரிலும் போய் நின்று, நிறைவேறியது என்றுதான் எழுத வேண்டியிருந்தது. நூலகக் குழுவைப் பற்றி மட்டும் அவர் சந்தோஷமாகப் பேசுவார். அங்கே புத்தகம் வாங்குவதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை, ஏசி நன்றாக இருக்கும் என்பார்.

பாலத்துக்கான கேள்வியை மேடம் உடனே அனுப்பினார். கேள்வி அனுப்பினால் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நூற்றுக்கணக்கில் போவதில் சிலதுதான் அவைக்கு வரும். முதல் கூட்டத்தொடரில் வரவில்லை. அடுத்ததில், வேறொரு உறுப்பினர் அதே துறையைப் பற்றிக் கேட்ட கேள்விக்குத் துணைக் கேள்வியாக எழுப்ப மேடத்துக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதை நான் பிறகு போனில் ஒரு துண்டு வீடியோவாகத்தான் பார்த்தேன். மேடம் எழுந்து ஓடைக்குத் தரைப்பாலம் வேண்டும் என்கிறார். அமைச்சர், நிதி நிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்கிறார். மேசை தட்டுகிறார்கள். பொதுவாக அதோடு உட்கார்ந்துவிடுவார்கள். மேடம் உட்காரவில்லை. பேரவைத் தலைவரைப் பார்த்துக் கை உயர்த்தி, இன்னொன்று என்று கேட்கிறார். அனுமதித்ததும், பாதை போட்டாகிவிட்டது, அதைக் குழுவும் பார்த்துவிட்டது, நடுவில் ஓடை மட்டும்தான் பாக்கி, மழைக்கு முன்னால் தரைப்பாலம் கட்டித் தரப்படுமா என்று அமைதியாகக் கேட்கிறார். அமைச்சர் பின்னால் இருந்த அதிகாரிகள் பக்கம் திரும்பினார். துண்டுச் சீட்டு ஒன்று வந்தது. “கட்டித் தரப்படும்” என்றார்.

அன்று மாலை அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பழைய உறுப்பினர்.

“மேடம் இருக்காங்களா?”

“சென்னையில இருக்காங்க சார்.”

“நான் டிவில பாத்தேன்னு சொல்லுங்க. ரெண்டாவது வாட்டி எழுந்தாங்களே, அது நல்லா இருந்துது. எனக்கு அது தோணல.” வைத்துவிட்டார்.

மேடத்திடம் சொன்னேன். “சரி” என்றார். கொஞ்சம் கழித்து, “அவரு கேட்டு வச்ச வழி இல்லன்னா நான் பாலம் கேட்டிருக்க முடியாது. அதையும் அவருகிட்ட சொல்லணும்” என்றார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

சில வாரங்களில் குழுக்களை மாற்றி அமைத்தார்கள். மேடத்தை மதிப்பீட்டுக் குழுவில் போட்டார்கள். உறுதிமொழிக் குழுவில் எங்கள் மாவட்டத்துக்காரர் யாரும் இல்லை. தான் வாங்கிய வாக்கைத் தானே துரத்த முடியாத நிலை. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. மேடம் அலட்டிக்கொள்ளவில்லை. புதிதாகக் குழுவுக்கு வந்த ஒரு உறுப்பினருக்குப் போன் செய்து, ஓடையின் பெயரையும் அமைச்சர் சொன்ன வார்த்தையையும் சொன்னார். அந்த உறுப்பினர் வேறு கட்சி. சேலத்துப் பக்கத்துக்காரர். மேடத்துக்கு வேனில் முறுக்கு கொடுத்தவர்களில் ஒருவர்.

அடுத்து வந்த கோடையில் சிமெண்ட் குழாய்கள் வந்து கரையில் இறங்கின. வெகுநாள் அப்படியே கிடந்தன. பிள்ளைகள் அதற்குள் ஒளிந்து விளையாடினார்கள். ஒரு நாள் ஆட்கள் வந்தார்கள். மழைக்கு முன்னால் முடியாது என்றார்கள். மழை தாமதித்ததால் முடிந்தது. திறப்பு விழா எதுவும் நடக்கவில்லை. மேடத்தின் கட்சிக்காரர்கள் பேனர் வைக்கலாமா என்று கேட்டார்கள். சுடுகாட்டு வழியில் பேனர் வைத்து யார் படிக்க என்று மேடம் சொல்லிவிட்டார்.

கார்த்திகை அடைமழையில் அந்தக் குடியிருப்பில் டீக்கடை வைத்திருந்தவர் தவறிப்போனார். எல்லாக் கட்சிக்கும் பழக்கமானவர். மேடத்தோடு நானும் போனேன். பழைய உறுப்பினரும் வந்திருந்தார். தெருவெல்லாம் குடைகளாக இருந்தன. மேடம் மாலை போட்டுவிட்டு அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்தார். எடுக்கிற நேரத்தில் பெண்கள் எல்லோரும் தெருமுனைவரை நடந்து நின்றார்கள். நாங்களும் நின்றோம். பீங்கான் கம்பெனி அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநாள் கழித்து அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன்.

“நல்லா இருக்கீங்களா பாயம்மா?”

“இருக்கேன்கா.”

தெருமுனையிலிருந்து ஓடை நன்றாகத் தெரிந்தது. செம்மண் கலங்கிய தண்ணீர் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. தப்பு அடிப்பவர்கள் முன்னால் போனார்கள். அவர்கள் தரைப்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். தூக்கினவர்கள் பின்னால் போனார்கள், நடை மாறாமல். பிறகு குடைகள். யாரும் கீழே தண்ணீரைப் பார்க்கவில்லை. பாலத்தில் போகிறோம் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்த அம்மா கடைசிக் குடை இறங்கும்வரை பார்த்தார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, “மழையில நிக்காதீங்க, வூட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

சாவு வீட்டுத் தெருவில் வேறு வீட்டில் போய்க் குடிப்பதா என்று மேடம் யோசித்தது தெரிந்தது. ஆனாலும் போனோம். காபியில் சர்க்கரை அதிகம். மேடம் முழுவதும் குடித்தார். அந்த அம்மா பையனின் வேலையைப் பற்றிச் சொன்னார், அவன் சேத்தியாத்தோப்பில் ஒரு கடையில் சேர்ந்திருந்தான். பாலத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கிளம்பும்போது ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பழைய உறுப்பினர் முழங்கால்வரை வேட்டியை மடித்துக்கட்டி, பஸ் போய்விட்டதா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். மேடம் காரை நிறுத்தச் சொன்னார்.

“விருத்தாசலந்தானுங்க, ஏறுங்க.”

“வேட்டியெல்லாம் ஈரம்” என்றார் அவர்.

“பரவால்ல.”

அவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை மழை விடவில்லை. நெல் விலையைப் பற்றிப் பேசினார், தன் முட்டி வலியைப் பற்றிப் பேசினார். மேடம் ஒரு எண்ணெயின் பெயரைச் சொன்னார், தன் வீட்டுக்காரர் போட்டுக்கொள்வதாக. தேரடியில் இறக்கிவிட்டோம். கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து, “எண்ணெய் பேரு இன்னொரு தடவை சொல்லுங்க” என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். குடையை விரித்துக்கொண்டு சந்துக்குள் போனார்.